பானைக்குள் ஒலித்த பாஸ்: வீட்டில் பாட்டு கேட்க எதற்கு எவ்வளவு செலவழிப்பது

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு மண்பானை இருந்தது. அதன் வாயில் ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை உட்கார வைத்திருப்பார்கள். காந்தம் பானைக்குள், கோன் என்கிற அதிரும் கூம்பு கூரையைப் பார்த்தபடி. பக்கத்தில் கேசட் டெக். ஸ்பீக்கரைப் பானையிலிருந்து தூக்கினால் பாட்டு சட்டென்று மெலிந்துபோகும். திரும்ப வைத்தால் ‘கும்’ என்று அடி சத்தம் வந்துவிடும். சின்ன வயதில் இதை எத்தனை தடவை செய்து பார்த்தோம் என்று கணக்கில்லை. கடைக்காரரும் திட்டாமல் சிரிப்பார்.

வீட்டில் பாட்டு கேட்க ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பானையைப் பற்றித்தான். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை வாட் ஆம்ப் வாங்கலாம்?” என்பது. டீக்கடையில் ஆம்ப் மாறவில்லை, வாட் கூடவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த காற்று அடைபட்டது, அவ்வளவுதான். சத்தம் வேறு சத்தம் ஆகிவிட்டது.

நடப்பது இதுதான். கோன் முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, அவற்றின் அலை நீளம் சில அங்குலம்தான். ஆனால் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) போன்ற தாழ்ந்த ஒலியின் அலை நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 7 மீட்டர். ஆறு அங்குலக் கோனின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு முன்காற்று பின்பக்கம் போய்விடும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தை மூடினால் அந்தத் திருட்டு நிற்கிறது. பானை கனமான மண், அதிராது. உருண்டை என்பதால் எதிரெதிர்ச் சுவர்களும் இல்லை. ஒரே குறை, உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி விறைப்பாக நின்று கோனை ஒரே சுருதியில் ஆட வைக்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ‘கும்’ வருவது அதனால்தான்.

அந்த ஸ்பிரிங்கையே வேலைக்காரனாக்கியவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹென்றி குளோஸ் என்பவரோடு சேர்ந்து 1954-ல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதுவரை ஆழமான பாஸ், அதாவது அந்த அடி சத்தம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. வில்ச்சர் கோனைத் தொங்கவிடும் விளிம்பை வேண்டுமென்றே தொளதொளவென்று செய்து, முழுக்க மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றே கோனை இழுத்துப் பிடிக்கும்படி விட்டார். புத்தக அலமாரியில் வைக்கும் ஸ்பீக்கர் என்ற எண்ணமே அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதே கூட்டத்தைச் சேர்ந்த ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு. இந்தத் துறையில் அதை ‘இரும்பு விதி’ என்பார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மூன்றும் உண்டு என்று விளம்பரம் சொன்னால் எங்கோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று பொருள். ஸ்பீக்கர் வாங்கும்போது மனதில் வைக்க இதைவிடப் பயனுள்ள ஒரு வரியை நான் பார்க்கவில்லை. சின்ன வீட்டில் இருப்பவர் சின்னப் பெட்டியைத்தான் எடுப்பார். அதில் ஓரளவு பாஸும் வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்க வேண்டியது மூன்றாவதை, அதாவது சென்சிடிவிட்டியை.

சென்சிடிவிட்டி என்பது ஸ்பீக்கரின் மைலேஜ். 86 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 86 டெசிபல் வரும். வீட்டு ஸ்பீக்கர்களில் இது பெரும்பாலும் 84-லிருந்து 90-க்குள் இருக்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கியவருக்குக் கிடைத்தது அந்த 3 டெசிபல்.

சரி, நிஜத்தில் எவ்வளவு தேவை? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும், தூரத்துக்கு ஆறேழு கழியும். ஆக ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தால் நாற்காலியில் 83 டெசிபல் அளவில் இருக்கும். நிம்மதியாக உட்கார்ந்து கேட்கும் சராசரி 75 டெசிபல், அதுவே நல்ல சத்தம்தான். அதற்கு ஆகும் செலவு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு! ஆனால் இசையில் மேடு பள்ளம் உண்டு. மிருதங்கத்தில் ஒரு அடி விழும்போது அந்த நொடியில் 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. அப்படியும் 16 வாட் அருகில்தான் வருகிறது. கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொண்டு நேர்மையான 30 வாட் ஆம்ப் ஒன்று வாங்கினால் அந்த அறைக்குப் போதும்.

‘நேர்மையான’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் அட்டைப் பெட்டிகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பார்கள். ஒரு கணம் மட்டும் தாங்கக்கூடிய ஏதோ ஓர் உச்சத்தை எடுத்து, எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கூட்டிப் போட்ட எண் அது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் கரண்ட் எடுப்பது சில பத்து வாட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். உள்ளே போவதைவிட அதிகமாகத் தொடர்ந்து வெளியே வர முடியாது. இன்றைக்கும் வாட்டைப் படிக்கும்போது மூன்று விஷயம் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எத்தனை ஓம்ஸில் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு), எத்தனை சேனல் ஓடும்போது.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் டிபிஏ3116 சிப் போட்ட ஆம்ப் போர்டு கடைக்குக் கடை தொங்கும். 50 வாட் ஸ்டீரியோ என்பார்கள். பொய்யில்லை, அந்த 50 வாட் 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் வருவது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் ஏறக்குறைய பாதி. பரவாயில்லை, மேலே போட்ட கணக்குப்படி அந்தப் பாதியே போதும். அதை விட்டுவிட்டு நாற்பது கிலோ அசெம்பிள் செட் வாங்கி வந்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ‘உம்ம்’ இரைச்சலோடு தம்புராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆம்புக்கு ஆம்ப் குணம் மாறாதா என்று கேட்பார்கள். 1987-ல் ஸ்டீரியோ ரிவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகை, சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை விலையுள்ள ஆம்ப்களை எடுத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல், சத்த அளவைச் சமமாக்கிக் கேட்க வைத்தது. ஆம்ப்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்று உறுதியாக நம்பியவர்களும் அதில் இருந்தார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒழுங்காகச் செய்த ஆம்பை அதன் சக்திக்குள் ஓட்டும்வரை அதற்கு என்று ஒரு குரல் கிடையாது என்பது என் முடிவு. சக்தியைத் தாண்டி முறுக்கினால்தான் குரல் வரும், அது கதறல். அப்படியே விட்டால் முதலில் போவது ட்வீட்டர், உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்.

ஆகவே காசை ஸ்பீக்கரில் போடுங்கள். அதற்கும் முன்னால் அறையைப் பாருங்கள்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இந்த அறைதான். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்தான் அதிகம். தாழ்ந்த ஒலி பட்டால் அந்தச் சுவர் லேசாக அசையும், பாஸின் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் வீட்டில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் அல்லது மொசைக் தரை. எதுவும் அசையாது, போன சத்தம் அப்படியே திரும்பி வரும். காலி அறையில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீளும். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அருகிலும், பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி ஆடிக்கொண்டே நிற்கும். அந்தச் சுரங்கள் பாட்டில் வந்தால் ஓர் இடத்தில் உட்கார்ந்தவருக்கு இடி, நாலடி தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒன்றுமே இருக்காது.

இதனால் நம் அறைக்கு மூடிய சின்னப் பெட்டி நன்றாகவே ஒத்துப்போகிறது. பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் ஷூ பெட்டி அளவுதான். சென்சிடிவிட்டி 83 பக்கம், ஆழமான பாஸ் கிடையாது. ஆனால் மனிதக் குரல் அதில் ஆள் எதிரே நிற்பது போல் வரும், அதற்காகத்தான் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அது தராமல் விடும் பாஸில் ஒரு பங்கை நம் கான்கிரீட் அறை தானே போட்டுக் கொடுத்துவிடும். பாஸுக்கென்றே உள்ள பன்னிரண்டு அங்குல சப் வூஃபரை அதே அறையின் மூலையில் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதை மாடி வீட்டுக்காரர் வந்து சொல்வார்.

அறைக்குச் செய்ய வேண்டியவை பெரும்பாலும் காசில்லாத வேலைகள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும், டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய சம முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் கோரைப்பாய்க்குப் பதிலாகத் தடித்த ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள், மெல்லிய பாய் பெரிதாக ஒன்றும் செய்யாது. பின்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலில் கனத்த திரை, ஓரத்தில் பஞ்சு மெத்தை. கை தட்டும்போது அந்த வால் போய்விட்டால் ஸ்பீக்கர் ஒரு படி மேலே போனது போல் இருக்கும். மெத்தையும் திரையும் உயர்ந்த ஒலிகளைத்தான் பிடிக்கும். தாழ்ந்த ஒலிக்கு இடம் மாற்றிப் பார்ப்பதே வழி. ஸ்பீக்கரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து ஓட விட்டு, அறையைச் சுற்றித் தவழ்ந்து பாருங்கள். எந்த இடத்தில் பாஸ் சீராகக் கேட்கிறதோ அந்த இடம்தான் ஸ்பீக்கருக்கு. வீட்டில் இருப்பவர்கள் சிரித்தாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

இனி ஹெட்போன். அறையே வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய வரம். வாடகை வீட்டில், குழந்தை தூங்கும் நேரத்தில், அதே காசில் ஸ்பீக்கரைவிட எத்தனையோ மடங்கு நுணுக்கம் கிடைக்கும். மில்வாக்கியில் ஜான் காஸ் 1958-ல் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். பத்து வருடம் கழித்து, 1968-ல், ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414 என்ற திறந்த வகையை விற்கத் தொடங்கியது. பின்பக்கம் மூடாமல் பஞ்சு வைத்த அந்த வடிவத்தில் பாட்டு தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே வந்து ஒலித்தது. பின்னாலிருந்து வரும் காற்றைப் பற்றிய பானைக் கதை இங்கேயும் தொடர்கிறது. காதோடு ஒட்டிய சின்னக் காற்றறைதான் என்பதால் திறந்து வைத்தும் பாஸ் முழுக்கப் போய்விடுவதில்லை.

நம் ஊரில் ஒன்றை யோசிக்க வேண்டும். மின்விசிறி. சித்திரை வைகாசியில் விசிறி ஐந்தில் ஓட, திறந்த ஹெட்போன் வழியாக அந்தச் சத்தம் முழுக்க உள்ளே வரும். தம்புராவின் மெல்லிய ரீங்காரம், பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாம் அதில் கரைந்துவிடும். மூடிய வகை வாங்கினால் விசிறிச் சத்தம் குறையும், காது வேகும். ரெக்சின் மாதிரியான காதுத் திண்டு கடலோர ஊர்களின் வியர்வையில் ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்புச் செதில் செதிலாக உரிந்து சட்டைக் காலரில் ஒட்டும். வெல்வெட் திண்டு உரியாது. எது வாங்கினாலும் திண்டு தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இன்னும் விற்பதற்கு அதன் ஒலி ஒரு காரணம் என்றால், திண்டும் ஒயரும் ஹெட்பேண்டும் கழற்றி மாட்டலாம் என்பது இன்னொரு காரணம்.

அந்த எச்டி 600-ஐ வைத்தே ஆம்ப் கேள்வியையும் முடித்துவிடலாம். அது 300 ஓம்ஸ். ‘முன்னூறு ஓம்ஸா, தனி ஆம்ப் இல்லாமல் ஓடாது’ என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஒரு மில்லிவாட்டுக்கு அது 97 டெசிபல் தருகிறது. சராசரி 80 டெசிபல், உச்சம் 100 என்று கேட்க 2 மில்லிவாட் போதும், 300 ஓம்ஸில் அது 0.8 வோல்டுக்கும் கீழே. ஹெட்போனை இணைக்கப் போனில் மாட்டும் சின்ன டாங்கிள்களில் நல்லவை 1 வோல்ட் வரை கொடுக்கின்றன. ஆக ஓடும். பழைய கச்சேரிப் பதிவுகள் போலத் தாழ்ந்த அளவில் பதிந்தவற்றைக் கேட்பவருக்கும், ஈக்வலைசர் போட்டு அளவைக் குறைப்பவருக்கும்தான் தனி ஆம்ப் உதவும். எதிர்ப்பக்கம் ஹைஃபைமேன் எச்இ-6 என்ற ஹெட்போனைப் பாருங்கள். 50 ஓம்ஸ்தான், ஆனால் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதே 100 டெசிபலுக்கு 45 மில்லிவாட் கேட்கிறது, ஏறக்குறைய 1.5 வோல்ட். ஓம்ஸை மட்டும் பார்த்தவர் இரண்டு இடத்திலும் தப்புக் கணக்குப் போட்டிருப்பார். பேயர்டைனமிக் டிடி 880-ஐ 32, 250, 600 ஓம்ஸ் என்று மூன்று விதமாக வந்திருப்பதைப் பார்த்துக் குழம்புபவர்கள், கையில் போன் மட்டும்தான் என்றால் 32-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

விலையை நம்பி வாங்குவதில் ஹெட்போன் அளவுக்கு ஏமாற்றம் வேறெதிலும் இல்லை. 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு யெரூன் பிரேபார்ட் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். விலைக்கும் ஒலிச் சமநிலைக்கும் தொடர்பே தெரியவில்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவும் பலரைக் கேட்க வைத்துச் சோதித்ததில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலையைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். ஹார்மன் கர்வ் என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். அதே ஆலிவ், ஃபிளாய்ட் டூல் என்பவரோடு சேர்ந்து 1994-ல் இன்னொன்றையும் காட்டினார்: ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் போடும்போது ஒரு தீர்ப்பு, திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கும்போது வேறு தீர்ப்பு. பெரிய பெட்டியும் பளபளப்பும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன. நமக்கும் அதேதான் நடக்கும்.

கடையில் ஒப்பிடும்போது இன்னொரு பொறி உண்டு. கொஞ்சம் சத்தமாக ஓடுவது எப்போதும் மேலானதாகத் தோன்றும். 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து சொன்னது இது: சத்தம் குறையக் குறைய நம் காது பாஸை இன்னும் வேகமாக இழக்கிறது. பழைய செட்களில் ‘லவுட்னெஸ்’ பட்டன் இருந்தது அதற்காகத்தான். விற்பவர் ஒன்றை இரண்டு புள்ளி ஏற்றி வைத்தாலே பாஸ் செழிப்பாகிவிடும். போனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். எப்போதும் வீட்டில் கேட்கும் அளவிலேயே வையுங்கள். ஹெட்போனில் அந்த அளவு 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம்வரை 80 என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் போட்ட எல்லை. போன காது திரும்பாது என்பதால் இதில் நான் கறாராக இருப்பேன்.

எதைப் போட்டுக் கேட்பது? கடையில் ஓட்டிக் காட்டும் பாட்டு வேண்டாம், அவை எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாக இருக்கும். நான் கொண்டுபோவது இரண்டு. ஒன்று, ஆண் குரலில் செய்தி வாசிப்பு. மனிதப் பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், பெட்டி கூடுதலாக ஒரு முழக்கம் சேர்த்தால் நெஞ்சுக்குள் குடம் வைத்தது போல் குரல் கனக்கும், உடனே தெரிந்துவிடும். இன்னொன்று மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பசை பூசியிருப்பதால், மற்ற தோல் கருவிகள் போல் இல்லாமல் அதன் மேல் சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைகின்றன என்று சி. வி. ராமன் 1920-லேயே நேச்சர் இதழில் எழுதினார். அதாவது மிருதங்கம் சுருதியோடு சேரும் கருவி. நல்ல ஸ்பீக்கரில் வலந்தலையின் ஒவ்வொரு மீட்டும் தம்புராவோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இடப்பக்கத் தோலான தொப்பியில் கை வழுக்கி எழும் கும்காரம் கீழிருந்து மேலே ஏறுவது கோடு போட்டது போல் கேட்கும். மோசமான பெட்டியில் எல்லாக் கும்காரமும் ஒரே உயரத்தில் நிற்கும், டீக்கடைப் பானையில் நின்றது போல.

இரண்டு பதிவையும் போனில் ஏற்றி, டாங்கிளையும் ஒரு கேபிளையும் பையில் போட்டுக்கொண்டு, கடையில் கூட்டமில்லாத வேலை நாள் காலையில் போங்கள். முதலில் விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் விசிறியை ஓட விட்டு இன்னொரு தடவை.